இலை உதிர்த்த கொன்றை செத்த மரம் அல்ல

“ஏங்க, வாசல்ல எதுக்குங்க இந்தக் காஞ்ச குச்சி? வெட்டிட்டு நல்லதா ஒண்ணு வையுங்க.”

மாசி பிறந்தால் ஆயக்குடியில் என் வாசலில் நின்று யாராவது இதைச் சொல்லாமல் போவதில்லை. காய்ந்த குச்சி என்று அவர்கள் காட்டுவது ஒரு சரக்கொன்றை. நல்லது என்று அவர்கள் சொல்வது குரோட்டன்ஸ், அரிக்கா பனை, வேலியோரம் கோனோகார்பஸ், நடுவில் கார்ப்பெட் புல். சுருக்கமாக, வருஷம் பூராவும் ஒரே பச்சையில் நிற்கும் எதுவும். ஊரில் புதிதாக எழும்பும் வீடுகள் இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான் ஒருவருக்கு வாயால் சொன்ன பதிலை எல்லோருக்குமாக எழுத வேண்டியதாயிற்று.

அவர்கள் கட்சியைக் குறைக்காமல் முதலில் வைத்துவிடுகிறேன். வீட்டுத் தோட்டம் காடு கிடையாது. அது வீட்டில் இன்னொரு அறை. காலையில் கதவைத் திறந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நம் நாட்டுச் செடிகளோ சில வாரம் பூத்துவிட்டுப் பல மாதம் சும்மா நிற்கும். நடுவில் இலை கொட்டும், கூட்டிக் கூட்டி இடுப்பு ஒடியும். புதராகும், பூச்சி பொட்டு சேரும், சிலது விஷம். நர்சரியில் கேட்டால் கிடைப்பதும் இல்லை. அவற்றைக் காப்பாற்றத்தான் மேலே மலை இருக்கிறது, வனத்துறை இருக்கிறது. எந்த ஊர்ப் பச்சையானால் என்ன, பச்சை பச்சைதானே?

இதில் இரண்டு விஷயம் உண்மை. இலை கூட்டுவது வேலைதான். அதுவும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகிறது. நர்சரியில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. மற்றது பெரும்பாலும் தவறு. வெறும் ரசனைத் தவறாக இருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். இந்தத் தவறின் செலவை வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

1. முதலில், காய்ந்துவிட்டது என்று யார் சொன்னது?

ஆயக்குடி பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் மலைக்கு அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். நமக்கு மிஞ்சுவது ஆடிக் காற்று. நம் மழை ஐப்பசி, கார்த்திகை மழை. பிறகு தை முடியும்போதே மண் இறுகத் தொடங்கும். இலை என்பது மரம் தண்ணீரை வெளியே விடும் வாசல். மழை நின்றுபோன நிலத்தில் அந்த வாசலைச் சாத்திக்கொள்ளத் தெரிந்த மரம்தான் இங்கே நூறு தலைமுறையாகத் தங்கியிருக்கிறது. கொன்றை மாசியில் செய்வது அதைத்தான்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. குறை சொல்பவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. புங்கமும் வேம்பும் மாசியில் இலையைக் கொட்டிவிட்டு, மழைக்காகக் காத்திருக்காமல், வெயில் ஏறும் பங்குனியிலேயே தளிர்க்கின்றன. ஆழத்துக்குப் போன வேர் அதற்கான ஈரத்தை வைத்திருக்கிறது. நிழல் யாருக்கும் அவசியப்படாத நாட்களில் சில வாரம் மொட்டையாக நிற்கும். நிழலுக்கு மனிதன் தவிக்கும் சித்திரையில் அடர்ந்த குடையாகிவிடும். பங்குனி உத்திரத்துக்குத் திண்டுக்கல் சாலையில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் எந்த மரத்தடியில் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். அரிக்கா பனையின் கீழ் ஒருவரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

செங்காந்தளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலர். இங்கிருந்து ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் போனால் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டு விதைக்காக விவசாயமே செய்கிறார்கள். அந்த விதை மருந்து செய்யப் போகிறது. காய் முற்றியதும் கொடி காய்ந்து மடிந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் பங்குனி மாதம் சுத்தம் செய்தபோது, செத்த தொட்டி என்று சொல்லி அத்தை அதை மண்ணோடு குப்பைமேட்டில் கவிழ்த்துவிட்டார். கோடை முடிந்து இரண்டு மழை விழுந்ததும் குப்பைமேட்டிலிருந்து ஒரு கொடி எழுந்து, இலை நுனியைச் சுருட்டி வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. புரட்டாசியில் பூ விரிந்தது. விரிந்த அன்று பச்சை கலந்த மஞ்சள், போகப்போக நெருப்புச் சிவப்பு. அதன் பிறகு அத்தை எந்தத் தொட்டியையும் கவிழ்ப்பதற்கு முன் மண்ணைக் கையால் துழாவிப் பார்க்கிறார்.

சரி, ஊர்க்காரர்களைக் கேட்கிறேன். கொய்யாவால் பேர் வாங்கிய ஊர் இது. விடிகாலைச் சந்தையில் பெட்டி பெட்டியாகக் கொய்யா ஏறிப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கொய்யாத் தோட்டத்தில் என்ன செய்கிறோம்? கவாத்து வெட்டிக் கிளையைக் குறைக்கிறோம். தண்ணீரை நிறுத்திக் காயவிடுகிறோம். இலை கொட்டிய பிறகு தண்ணீர் கட்டினால் ஒரே வீச்சில் புதுக்கிளையும் பூவும் வரும் என்று தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். தோட்டத்தில் நாமே மரத்தை ஓய்வுக்கு அனுப்புகிறோம். வீட்டு வாசலில் மரம் தானாக ஓய்வெடுத்தால் கோடாரியைத் தேடுகிறோம். இரண்டில் எது நம் அறிவு?

2. ‘எப்போதும் பச்சை’ என்பது நிறத்தைப் பற்றிய பேச்சே இல்லை, தண்ணீரைப் பற்றிய பேச்சு.

மாசியில் மரம் மிச்சம் பிடிக்கும் தண்ணீரை, அதை மிச்சம் பிடிக்கத் தெரியாத செடிக்கு நாம் குழாயில் கொடுக்கிறோம். சின்னப் புல்தரை ஒன்றுக்கு நாளுக்குப் பத்துக் குடம் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். குடம் 15 லிட்டர். மாசி முதல் ஆனி வரை ஐந்து மாதம், 150 நாள். 22,500 லிட்டர் ஆகிறது. ஒரு வீட்டுக்கு, ஒரு கோடைக்கு, யாரும் தின்னாத, ஆடுகூட மேயாத புல்லுக்கு. அதே மாதங்களில் அதே தெருவில் தண்ணீர் வரும் நாளைக் கேட்டுக்கொண்டு காலிக் குடத்தோடு நிற்பவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் இறைப்பது நம் சொந்தத் தண்ணீர் என்பது ஒரு நினைப்பு. பூமிக்குக் கீழே காம்பவுண்டுச் சுவர் கிடையாது. பக்கத்துக் கொய்யாத் தோட்டக்காரரின் கிணறும் நம் குழாயும் உறிஞ்சுவது ஒரே ஈரத்தைத்தான்.

என் கொன்றைக்கு நட்ட முதல் இரண்டு கோடை தண்ணீர் ஊற்றினேன். அதன் பிறகு ஒரு சொம்பு ஊற்றியதில்லை.

3. பச்சை பச்சைதான் என்றால், புழுவைக் கேளுங்கள்.

நர்சரிக்காரர் அலங்காரச் செடியை விற்கும்போது சொல்லும் முதல் சிறப்பு, “பூச்சியே வராதுங்க.” அதை நல்ல வார்த்தை என்று வாங்கிக்கொள்கிறோம். எந்தப் பூச்சியும் தின்னாத இலை என்றால், இந்த மண்ணில் ஒரு உயிரும் அதை உணவென்று அடையாளம் கண்டுகொள்ளவில்லை என்று அர்த்தம். பச்சைப் பெயின்ட் அடித்த சுவரும் அப்படித்தான்.

கறிவேப்பிலைத் தளிரைப் புரட்டிப் பாருங்கள். பறவை எச்சம் சிந்தியது போல ஒரு சின்னப் புழு ஒட்டியிருக்கும். வளர வளரப் பச்சையாகி, ஒரு நாள் பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சியாகப் போகும். எருக்கு இலையைத் தின்று வளர்வது வெந்தய வரியன். ஆடுதின்னாப்பாளையை ஆடு தொடாது. ரோஜா அழகியின் புழுவுக்கு அந்த இனத்துச் செடிகளை விட்டால் வாழ்வு இல்லை. கொன்றைக்கும் ஆவாரைக்கும் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகள் வரும். அவை முட்டையிடத் தேடுவது முற்றின இலையை அல்ல, தளிரை. தளிர் எப்போது வரும்? பழைய இலை விழுந்த பிறகுதான். இலை உதிர்வதை நிறுத்திவிட்டுப் பட்டாம்பூச்சி மட்டும் வேண்டும் என்பது நடக்காத காரியம்.

பறவைக்கும் இதே கணக்கு. தேன் குடிக்கும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குத் தேனை ஊட்டுவதில்லை. புழுவையும் சிலந்தியையும் பிடித்துக்கொண்டுபோய்க் கொடுக்கிறது. புழு இல்லாத தோட்டத்தில் சிட்டு வந்து உட்காரும், கூடு கட்டாது.

இங்கே என் பக்கத்து ஆட்களிடமும் ஒரு வார்த்தை. நாட்டுச் செடி பேசுபவர்களில் சிலர், வெளியிலிருந்து வந்த எதுவும் ஆகாது என்று கிளம்பிவிடுகிறார்கள். கொய்யாவே அமெரிக்கக் கண்டத்துப் பழம். மிளகாயும் தக்காளியும் பப்பாளியும் அப்படித்தான். ஆயக்குடியில் உட்கார்ந்துகொண்டு கொய்யாவை அந்நியன் என்று சொல்பவர் யார் சோற்றைச் சாப்பிடுகிறார் என்று யோசிக்க வேண்டும். உழைத்து, பார்த்துப் பார்த்து, பலனுக்காக வளர்ப்பது ஒன்று. எந்தப் பலனும் இல்லாமல், ‘வாடாது’ என்ற ஒரே தகுதிக்காக வாசலை முழுக்க ஒன்றுக்கு எழுதிக்கொடுப்பது வேறு. நான் மறுப்பது இரண்டாவதை.

4. ஒரு வீட்டுத் தோட்டம் காட்டை என்ன செய்துவிடும்? செய்தது. அதற்கு வரலாறே இருக்கிறது.

மலையடிவாரம் எங்கும் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியைக் காட்டுச்செடி என்று நினைக்கிறோம். அது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவுக்காகவும் வேலிக்காகவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட தோட்டச்செடி. யாரோ ஒருவர் வாசலில் அழகாக இருந்தது. பழத்தைப் பறவை தின்றது. பறவைக்குக் காம்பவுண்டு தெரியாது. புலிகள் வாழும் இந்தியக் காடுகளில் ஏறத்தாழ 40 சதவீதப் பரப்பை இன்று அது பிடித்திருக்கிறது என்று 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அது மண்டிய இடத்தில் புல் முளைப்பதில்லை. மலையிலிருந்து யானை தோட்டத்துக்குள் இறங்குவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மேலே தின்னப் புல் இல்லாவிட்டால் கீழே எங்கே வரும் என்பதை ஆயக்குடித் தோட்டக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் பூவழகுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான்.

கோனோகார்பஸ் கதை நம் கண்முன்னே நடந்தது. சீக்கிரம் வளரும், வாடாது, வருஷம் பூராவும் பச்சை என்ற இதே மூன்று காரணங்களைச் சொல்லித்தான் தெருத் தெருவாக வைத்தார்கள். குஜராத் 2023இல் அதை நடத் தடை விதித்தது. தமிழ்நாடு 2025இல் தடை விதித்தது. அந்நியக் களைத்தாவரங்களைக் கட்டுப்படுத்தவும் காடுகளை மீட்கவும் தனிக் கொள்கையே 2022இல் தமிழக அரசு வெளியிட வேண்டியிருந்தது. வாசலில் வைத்த ஒரு செடியால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள், அரசு பணம் செலவழித்துப் பிடுங்கிக்கொண்டிருப்பவை எங்கிருந்து கிளம்பின என்று விசாரிக்கட்டும்.

மேலே மலையிலும் பச்சை பச்சைதான் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். கொடைக்கானலின் புல்வெளிகளைத் தரிசு என்று கணக்கெழுதி வாட்டிலும் யூகலிப்டஸும் பைனும் நட்டார்கள். பட்டையும் கூழும் கிடைத்தன. புல்வெளி போயிற்று, அதில் ஊறி ஓடைகளில் கசிந்து வந்த தண்ணீருக்கும் அடி விழுந்தது. நம் வரதமாநதி அணைக்கு வரும் தண்ணீர் அந்த மலையிலிருந்துதான் இறங்குகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஒரு சின்ன நாற்றங்கால் நல்லதும் செய்யும். இங்கிலாந்திலிருந்து வந்து கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் சோலை மரங்களின் விதையைப் பொறுக்கி நாற்றாக்கினார்கள். 2001இல் வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பழனி மலைத் தாவரங்களைத் தொகுத்து 1999இல் பெரும் நூலாக வெளியிட்ட கே.எம். மத்தேயு, திருச்சி ராபினட் உலர்தாவர நிலையத்தை நடத்திய ஒரு பாதிரியார். இவர்கள் யாரும் வனத்துறை ஊழியர்கள் இல்லை. காட்டைக் காப்பது அரசாங்கத்தின் வேலை, நம் வாசல் நம் இஷ்டம் என்று அவர்களும் இருந்திருக்கலாம்.

5. பாம்பு வருகிறது, விஷம் இருக்கிறது என்ற பயம்.

பாம்பு செடியின் ஊரைக் கேட்டு வருவதில்லை. எலியைத் தேடி வருகிறது. ஒளிய இடம் தேடி வருகிறது. வீடு கட்டி மிஞ்சிய செங்கல் அடுக்கு, விறகுக் குவியல், மூடாத சாக்கடை, இவற்றை அகற்றுங்கள். தரையோடு அடர்ந்த புதரைச் சுவரை ஒட்டி விடாதீர்கள். அது குரோட்டன்ஸ் புதரானாலும் ஆவாரம் புதரானாலும் ஒன்றுதான். விஷத்தைப் பொறுத்தவரை, செங்காந்தள் கிழங்கு உயிரைக் கொல்லும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அதை வைக்காதீர்கள் என்று நானே சொல்வேன். பிரண்டையும் புங்கமும் ஆவாரையும் முல்லையும் வெட்சியும் இருக்கின்றன. ஒரு செடியைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் தள்ளுவது வாதமாகாது.

6. சில வாரம் பூத்துவிட்டுச் சும்மா நிற்கிறதாம்.

2018இல் குறிஞ்சி பூத்தபோது இந்த ஊரிலிருந்தும் வண்டி வண்டியாக மேலே போனோம். அதற்கு முன் 2006இல் பூத்தது. அடுத்தது 2030இல். நடுவில் பதினோரு ஆண்டு அது மலைச்சரிவில் பேசாமல் நிற்கும் ஒரு புதர். குறிஞ்சி சும்மா நிற்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்தக் காத்திருப்புதான் அதன் பெருமை என்று சொன்னோம். பன்னிரண்டு ஆண்டு பொறுப்பதைப் போற்றும் நாம், வாசலில் ஒரு கொன்றைக்கு இரண்டு மாதம் பொறுக்கமாட்டோமா?

நித்தியகல்யாணி வருஷம் பூராவும் பூக்கும். மடகாஸ்கரிலிருந்து வந்தது. அதற்கு நம்மவர்கள் வைத்த இன்னொரு பெயர் சுடுகாட்டு மல்லி. எப்போதும் இருக்கும் பூவை யாரும் நாள் குறித்துத் தேடிப் போவதில்லை. பொங்கலுக்கு முந்தைய நாள் காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் வேண்டும். வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டும். அந்தந்த நாளில் அதது பூத்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த வழக்கங்கள் நிற்கின்றன. இப்போது பூளைப்பூவைப் பழனிச் சந்தையில் கட்டு கட்டாக விலைக்கு வாங்குகிறோம். காலி மனையில் தானே முளைத்த செடி அது. களை என்று சுரண்டி எறிந்துவிட்டுத் தை பிறக்கும்போது காசு கொடுக்கிறோம்.

7. கிடைப்பதில்லையே என்றால், ஆமாம், நர்சரியில் கிடைப்பதில்லை.

அங்கே கிடைப்பது கேட்பவர்கள் கேட்பதுதான். கேளுங்கள், வரும். அதுவரை காசில்லாமல் கிடைப்பவையே ஏராளம். பிரண்டையில் இரண்டு கணுவை நட்டால் போதும். புங்கங்காய் உதிரும்போது பொறுக்கி, விதையை எடுத்து உடனே ஊன்றுங்கள். கொன்றைக்காயின் விதை ஓடு தடித்தது. ஒரு ஓரத்தை உரசியோ கொதித்து இறக்கிய நீரில் ஓர் இரவு ஊறவைத்தோ போட்டால் முளைக்கும். ஆவாரை விதை சாலையோரம் எங்கும் இருக்கிறது. காட்டுக்குள் போய்ச் செடியைப் பிடுங்காதீர்கள். அது குற்றம், பிடுங்கியது பெரும்பாலும் பிழைக்கவும் செய்யாது.

இன்னொன்று: நாட்டுச் செடி என்ற பெயரில் மலைமேல் செடியைக் கீழே கொண்டுவராதீர்கள். கொடைக்கானல் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டர். ஆயக்குடி 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். மலைச்சாலையில் சில மணி நேரப் பயணம்தான், ஆனால் செடிக்கு அது வேறு தேசம். கொடைக்கானலில் 1908இல் உருவான பிரையண்ட் பூங்காவில் மே மாதக் கண்காட்சிக்குப் பார்ப்பது, அந்த நாட்களுக்காகவே பல மாதம் முன்பிருந்து நட்டு, நீர் விட்டுத் தயார் செய்த பூக்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து, வழியில் வாங்கிய ஹைட்ரேஞ்சியாவை நம் வெயிலில் வைத்தால் சித்திரை தாண்டாது. சோலை மரக்கன்றும் தாண்டாது. நம் அடிவாரத்துக்கு உரியது நம் அடிவாரத்திலேயே முளைத்துக் கிடக்கிறது.

இலைச் சருகைப் பற்றி ஒரு வார்த்தை பாக்கி. எங்கள் வீட்டில் அதை வாசலிலிருந்து கூட்டி வெளியே கொட்டுவதில்லை; மரத்தடியிலேயே தள்ளிவிடுகிறோம். வேலை பாதியாகிறது, கோடையில் மண் ஈரம் காக்கிறது, மழைக்குள் மட்கிவிடுகிறது. கூட்டுகிற முறை எனக்கும் உண்டு.

 மாசியில்தான் இந்தப் பக்கத்தில் அதிக மரங்கள் ‘செத்துவிட்டது’ என்று வெட்டப்படுகின்றன. உங்கள் வாசலிலும் அப்படி ஒன்று நின்றால், கோடாரிக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு சின்னக் கிளையில் நகத்தால் மேல்பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. தண்ணீர்கூட வேண்டாம், சித்திரை வரை விட்டுவிடுங்கள்.